வீடா, வேலையிடமா, பொது இடமா

எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று, அது கேட்ட முதல் கேள்வியிலேயே என் வீட்டுக்காரர் சண்டைக்கு நின்றுவிட்டார்.

தெருவுக்கு டிவி ஒயர் இழுத்த கேபிள்காரரேதான் இன்டர்நெட் ஒயரும் இழுத்தார். சுவரில் ஓட்டை போட மெஷினோடு வந்தவரை என் வீட்டுக்காரர் தடுத்துவிட்டதால், ஒயர் முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. அதற்குப் பிறகு அந்த ஜன்னலை முழுதாகச் சாத்த முடிந்ததே இல்லை. மழைக்காலத்தில் சாரலும் மற்ற காலத்தில் தூசியும் கொசுவும் அந்த இடுக்கு வழியாகத் தாராளமாக வந்து போயின.

ஒயரைச் செருகியதும் திரையில் மூன்று படங்கள் வந்தன. ஒரு வீடு, ஓர் அலுவலகக் கட்டடம், பூங்காவில் போட்டிருக்கும் ஒரு பெஞ்ச். நீங்கள் இருப்பது வீடா, வேலையிடமா, பொது இடமா என்று அது இங்கிலீஷில் கேட்டது. நாம் சொல்கிற பதிலை வைத்து, ஃபயர்வால் என்கிற காவல் எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்துகொள்ளும். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு மூன்று படம் தெரிந்தது, அவ்வளவுதான்.

"சார், ஹோம்னு குடுங்க. எல்லார் வூட்லயும் அதான் குடுத்துகினு இருக்கோம்," என்றார் கேபிள்காரர்.

"இது நம்ம வீடு இல்லல்லா. குவார்ட்டர்ஸ்," என்றார் இவர்.

"குடியிருக்கறது வூடுதானே சார்?"

"குடியிருக்கோம், சரி. ரிட்டயர் ஆனா சாவியக் கொண்டுபோய்க் குடுக்கணும். அத எப்படி ஹோம்னு போடறது?"

கேபிள்காரருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது. "அப்ப ஒர்க்னு குடுங்க. கம்பெனி கட்டினதுதானே?"

"வேலை மைன்ஸ்ல. இங்க நான் என்ன வேலை பாக்கேன்?"

இதற்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். வெளியாள் இருந்ததால் விட்டுவிட்டேன்.

"இந்த பெஞ்சு படம் என்னது?"

"அது பஸ் ஸ்டாண்டு, ஓட்டலு, அந்த மாதிரி எடத்துல குந்திகினு பாக்கறவங்களுக்கு சார்."

"அதுதான் சரி. நமக்கு முன்னால எத்தனையோ பேரு இருந்துட்டுப் போயிருக்காங்க. நமக்குப் பின்னாலயும் வருவாங்க. பொது இடம்தான்."

பெஞ்சை அழுத்திவிட்டு, சரியான விடையை எழுதிய பையனைப் போல என்னைப் பார்த்தார். கேபிள்காரரும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த அனுதாபத்தை நான் மறுக்கவில்லை.

இவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பிரிவில் சேர்ந்தவர். நிலக்கரியையும் மண்ணையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடுமே, அந்த பெல்ட்டைப் பழுது பார்க்கும் ஃபோர்மேன். கல்யாணமாகி நான் இந்தக் குவார்ட்டர்ஸுக்குள் வந்தபோது கொண்டுவந்த சாமி படங்கள் எல்லாம் சுவரில் சாய்த்துத்தான் வைக்கப்பட்டன. ஏனென்றால் சுவர் கம்பெனியுடையது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. சட்டைகள் கதவின் கொக்கியில் தொங்கின. எங்கள் கல்யாணப் போட்டோ பீரோவின் மேல் பல வருஷங்கள் மல்லாந்து கிடந்தது. ஒரே ஓர் ஆணி அடிக்கச் சொல்லி நான் சண்டை போட்டிருக்கிறேன், அழுதிருக்கிறேன், பேசாமல் இருந்து பார்த்திருக்கிறேன். "அடுத்து வாறவனுக்கு ஓட்டைச் சுவரையா குடுப்ப?" என்று கேட்பார். அடுத்து வருகிறவன் மேல் இவருக்கு இருந்த அக்கறை எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அவன் யாரென்றே தெரியாது. கட்டிக்கொண்டு வந்தவள் நான் எதிரில் நிற்கிறேன்.

இன்னொன்று, பூட்டு. பெல்ட்டின் மேல் ஆள் ஏறி வேலை பார்க்கும்போது, யாரும் தெரியாமல் ஸ்விட்சைப் போட்டுவிடக் கூடாது. அதற்காக, ஏறுகிற ஆள் தன் சொந்தப் பூட்டை ஸ்விட்சில் பூட்டி, தன் பெயர் எழுதிய அட்டையையும் மாட்டிவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். இறங்கி வந்த பிறகு அவனேதான் திறக்க வேண்டும். வேறு யாரும், மேலதிகாரியே ஆனாலும், தொடக் கூடாது. ஒருமுறை இவர் வேலை முடிந்த அசதியில் பூட்டைத் திறக்க மறந்து, சாவியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. அங்கே பெல்ட் ஓடாமல் நிற்க, ஒரு ஜீப் முழுக்க ஆட்கள் ஏறி வந்திருந்தார்கள். இவர் பெல்ட்டிலிருந்து இறங்கிவிட்டாரா என்று பார்ப்பதற்கும், பாக்கெட்டில் இருந்த சின்னச் சாவியை வாங்குவதற்கும். பூட்டை உடைத்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. யாரும் உடைக்கவில்லை. இவர் அந்த வாரம் முழுவதும் தலை குனிந்தே நடந்தார். நான் அந்த வாரம் முழுவதும் சிரித்தேன்.

கம்ப்யூட்டர் வாங்கியது எனக்காகத்தான். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் சேர்ந்ததும் வீடு காலியாகிவிட்டது. எப்போதோ தமிழில் எம்.ஏ. முடித்து வைத்திருந்த நான், சிதம்பரத்தில் ஒரு நெறியாளரைப் பிடித்துப் பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டேன். தலைப்பு, நெய்வேலி நகரியத்துப் பெண்களின் பேச்சு. எல்லா மாவட்டத்திலிருந்தும் கல்யாணமாகி இங்கே வந்து இறங்கிய பெண்கள், பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்து பேசிப் பேசி, எந்த ஊர்ப் பேச்சாகவும் இல்லாத ஒரு பேச்சைப் பேசுகிறார்கள். "ஏனுங்க" என்று தொடங்குகிற பொள்ளாச்சிக்காரி "வூட்டாண்ட" என்று முடிப்பாள். ஷிப்ட், காண்ட்ராக்ட், பர்மனென்ட் என்கிற சொற்கள் அவர்கள் வாயில் உப்பு புளி போலச் சாதாரணமாகப் புழங்கும். சின்ன ரெக்கார்டர் ஒன்றை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு வீடாகப் போய் அந்தப் பேச்சைப் பதிவு செய்தேன்.

ஆரம்பத்தில் அது ஆராய்ச்சியாகத்தான் இருந்தது. போகப் போக வேறாகிவிட்டது. பதிவு செய்த பெண்களின் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக ரிட்டயர் ஆனார்கள். லாரி வந்து நிற்கும். பீரோவும் கட்டிலும் ஏறும். அழுதுவிட்டு, மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுவார்கள். சொந்த ஊருக்குப் போன பிறகு போனில் பேசினால் பேச்சு பழையபடி மாறியிருக்கும். பேச்சை நடுவில் நிறுத்திவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரிக்கிற ஒரு மதுரை அம்மா இருந்தார். ஊர் திரும்பிய வருஷமே இறந்துபோனார். அந்தச் சிரிப்பு என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. ஆய்வேட்டில் முதல் மூன்று இயல்கள் திருத்தம் போட்ட அச்சுப் பிரதியாகவாவது நெறியாளரிடம் இருந்தன. மீதி எழுத்தும் எல்லாக் குரல்களும் அந்த ஒரே பெட்டிக்குள். பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு பென் டிரைவிலும் நகல் எடுத்தேன். அது தொலைந்துவிடக் கூடாதே என்று, கம்ப்யூட்டரின் பின்பக்கமே நிரந்தரமாகச் செருகி வைத்திருந்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

இதற்கிடையில் தெருவில் எங்கள் மானம் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒயரில் எல்லா வீடும் கோர்த்திருந்ததால், "ஹோம்" என்று போட்டவர்களின் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று தெரியும். யார் வீட்டில் என்ன படம் இருக்கிறது, என்ன பாட்டு இருக்கிறது என்று பார்த்து எடுத்துக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர் எதிர் சாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் தூங்குவார். வேலி மேலாகக் கறிவேப்பிலை கொடுத்து வாங்குகிற தெரு, அதையே கம்ப்யூட்டரிலும் செய்தது. எங்கள் கம்ப்யூட்டர் மட்டும் யார் கண்ணுக்கும் படாது. பொது இடத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டோம் அல்லவா, அது முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்தது. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாது.

எதிர் வீட்டு அக்கா பண்ருட்டிப் பக்கத்துக்காரர். மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"ஏம்மா, தெருவுல எல்லார் வூட்டுதும் தெரியுது. உங்குளுது மட்டும் தெரியலயே. அப்படி இன்னாத்தப் பூட்டி வச்சிகினு இருக்கீங்க?" என்று ஒருநாள் பலாச்சுளைக் கிண்ணத்தோடு வந்து கேட்டார்.

பொறியியல் படித்தவர்களே குடியிருக்கும் தெருவில், இது எங்கள் வீடு இல்லை என்பதால்தான் இப்படி என்று நான் எந்த வாயால் சொல்வது? "அவருக்கு அதெல்லாம் சரியாத் தெரியாதுக்கா" என்று சொல்லி வைத்தேன். பலாச்சுளை தொண்டையில் இறங்கவில்லை.

அக்கா வீட்டில் பிரிண்டர் இருந்தது. "ஹோம்" என்று மாற்றிவிட்டால், நான் இருந்த இடத்திலிருந்தே அதில் அச்செடுக்கலாம் என்று கேபிள்காரர் சொல்லியிருந்தார். மாற்றாததால், ஒவ்வொரு தடவையும் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு எதிர் வீட்டுக்கு நடந்தேன். என் தமிழ் எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் கிடையாது. எழுதியதெல்லாம் கட்டம் கட்டமாக வரும். எழுத்துருவைப் போட்டுக்கொண்டு அச்செடுத்துத் திரும்பினால் ஒரு பக்கத்தில் தப்பு கண்ணில் படும். மறுபடியும் செருப்பை மாட்ட வேண்டும்.

அந்தக் கோடையில் ஆய்வேடு முடியும் நிலைக்கு வந்தது. நெறியாளர் முழுப் பிரதியையும் அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் ஒருமுறை நேரில் வந்து பேசிவிட்டுப் போகும்படியும் சொன்னார். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு நான் சிதம்பரம் போய்ட்டு வரேன். வந்ததும் அச்செடுக்கணும். அதுக்குள்ள அத ஹோம்னு மாத்தி வைங்க. இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியல."

"பாப்போம்."

"பாப்போம்னு சொல்லாதீங்க. முடியலன்னா சொல்லுங்க, நானே மாத்திக்கறேன்."

"நீ தொடாத. நான் பாத்துக்கிடுதேன்."

"பாத்துக்கிடுதேன்" என்று இவர் சொல்லிவிட்டால் அந்த வேலை முடிந்ததாக அர்த்தம். கேஸ் சிலிண்டர், மகளின் ஹாஸ்டல், ரேஷன் கார்டு, எல்லாம் அப்படித்தான் நடந்தன. மறுநாள் காலையில் பதிவுகளைச் சுருக்கிச் சேமிக்கும் வேலையைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். அது முடிய அரை நாளாகும். அதை அப்படியே விட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த அக்காவிடம், "எங்களுதும் திறந்தாச்சுக்கா, இனிமே தெரியும் பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவ்வளவு நாள் பட்ட அவமானத்துக்கு அதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

சிதம்பரத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. நெறியாளர் திருத்தங்களைப் பார்த்து, ஒரு மாதத்துக்குள் சமர்ப்பித்துவிடலாம் என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கவே மனசில்லாமல் ஒரு காப்பி குடித்துக்கொண்டு அந்தச் சந்தோஷத்தைத் தனியாக அனுபவித்தேன். வடலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடமும் கிடைத்தது. பாதி வழியில் போன் அடித்தது. அக்கா.

"ஏம்மா, எங்க இருக்க? எங்க வூட்டு கம்ப்யூட்டர்ல செவப்பா ஒண்ணு வந்து குந்திகினு இருக்குது. எதத் தொட்டாலும் தொறக்க மாட்டேங்குது. போட்டோ, படம் ஒண்ணும் வரல. காசு குடுத்தாதான் தொறப்பேன்னு எழுதிப் போட்டுருக்குதாம். பக்கத்து வூட்லயும் அதே கததான். லைன் பூராவும் ஒண்ணுலேந்து ஒண்ணுக்குத் தாவிகினு போவுதுன்னு சொல்றாங்க."

"எங்க வீட்டுல, அக்கா?"

"உங்க வூடு பூட்டிகினு இருக்குது. சாரு டூட்டிக்குப் போயிட்டாரு. நீதான் காத்தால சொன்னியேம்மா, உங்குளுதும் தொறந்தாச்சுன்னு."

போனை வைத்தேன். அந்த வாரம் பேப்பரில் இந்த வைரஸைப் பற்றிப் படித்திருந்தேன். ஆஸ்பத்திரிகளும் ஆபீஸ்களும் முடங்கியதாகப் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் இருக்கிறதையெல்லாம் பூட்டிவிடும், செருகியிருக்கிற பென் டிரைவையும் விடாது என்று அதில் இருந்தது. யாருக்கோ நடந்தது என்று பக்கத்தைத் திருப்பியிருந்தேன். என் பென் டிரைவ் அந்த நிமிஷம் பின்பக்கத்தில் பத்திரமாகச் செருகியிருந்தது.

இவருக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மைன்ஸுக்குள் இறங்கும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எத்தனையோ வருஷம் ஓர் ஆணி அடிக்கச் சொல்லிக் கேட்காத மனுஷன், இதை மட்டும் சொன்ன உடனே செய்திருப்பாரே என்று நினைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த நிமிஷமே, மாற்றச் சொன்னது யார், இவரா, என்று தோன்றியது. பக்கத்து ஸீட்டில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எழுதியதைத் திரும்ப எழுதிவிடலாம். கை ஒடிந்தாலும் எழுதிவிடலாம். அந்த மதுரை அம்மாவை எங்கே போய்ச் சிரிக்கச் சொல்வது? குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து தெருப் பெருக்கிய காண்ட்ராக்ட் அம்மா, பொள்ளாச்சிக்காரி, லாரியில் ஏறிப் போன எல்லோரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். என்னை நம்பிப் பேசிவிட்டுப் போனவர்கள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

வடலூரில் பஸ் மாறி, நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்தேன். தெருவில் ஆளாளுக்குக் கேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கேபிள்காரர் ஏணி மேல் நின்று கம்பத்து இணைப்புப் பெட்டியிலிருந்து ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். யாரிடமும் நின்று பேசாமல் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

திரை கறுப்பாக இருந்தது. உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. மவுஸைத் தொடப் பயமாக இருந்தது. தொட்டேன்.

சிவப்பு வரவில்லை. என் மகள் வைத்த பூப்படம் வந்தது. அதன் நடுவில், கொடுத்த வேலை முடிந்துவிட்டதாக ஒரு சின்னக் கட்டம். ஐந்தாம் இயலைத் திறந்தேன். திறந்தது. நான் போட்ட தப்பெல்லாம் போட்ட இடத்தில் இருந்தன. பிறகு அந்த மதுரை அம்மாவின் பதிவை அழுத்தினேன்.

"எங்க வீட்டுக்காரரு பர்மனென்ட் ஆன அன்னைக்கு..." என்று தொடங்கி, வழக்கம்போல நடுவில் நிறுத்திச் சிரித்தார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை போட்டேன், இன்னொரு தடவை போட்டேன். உயிர் திரும்பி வந்தது என்று சொல்வார்களே, எனக்கு அது வயிற்றில் தெரிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஃபயர்வால் இருக்கும் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். பார்க் பெஞ்ச் அப்படியே இருந்தது. இவர் மாற்றவே இல்லை.

வெளியே போக முகத்தைச் சரி செய்துகொள்ள வேண்டியிருந்தது. தெருவே துக்கத்தில் இருக்கும்போது நான் பல்லைக் காட்டிக்கொண்டு போய் நிற்க முடியாது. அக்கா வீட்டில் மகளின் வளைகாப்புப் போட்டோக்கள் போய்விட்டன. பாதி மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். எங்களுடையது தப்பித்தது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் படிப்பு போச்சுன்னு நெனச்சி நான் ஒரு வா சோறு துன்னலம்மா," என்றார்.

அவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயும் கொஞ்சம் அழுதேன்.

இவர் டூட்டி முடிந்து சைக்கிளில் வந்தபோது கேபிள்காரர் வாசலிலேயே மடக்கினார். "சார், நீங்க மட்டும் எப்படி சார் கரீக்டா பப்ளிக்னு போட்டு வச்சீங்க?"

"அன்னைக்கே சொன்னேன்லா. இது குவார்ட்டர்ஸ். நம்ம வீடு இல்ல."

கேபிள்காரர் அதைப் பெரிய தொழில் ரகசியமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொட்டாலும், "ஹோம்னு குடுக்காதீங்க, குவார்ட்டர்ஸு இது" என்று சொல்லத் தொடங்கினார். இவருக்கும் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பேர் வந்துவிட்டது. ஹாங் ஆகிறது, மெதுவாக ஓடுகிறது என்று ஆட்கள் வந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று இவர் உண்மையைச் சொல்லச் சொல்ல, தன்னடக்கம் என்றார்கள்.

உள்ளே வந்ததும் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "பாத்துக்கிடுதேன்னு சொன்னீங்களே. ஏன் மாத்தல?"

கோபமாகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். டம்ளரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மாத்தலாம்னுதான் ராத்திரி உக்காந்தேன். கை வரல. உன் வேலை இன்னும் முடியலல்லா? ஆளு பெல்ட்டு மேல நிக்கும்போது கீழ இருக்கிறவன் ஸ்விட்சத் தொடலாமா? நீ எறங்கினப்புறம் மாத்திக்கிடலாம்னு விட்டுட்டேன்."

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்த அத்தனை காலமும், இவர் மனசில் நான் ஓர் ஆபத்தான இடத்தில் ஏறி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் ஆராய்ச்சியைப் பற்றி இவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று எனக்குப் பெரிய குறை உண்டு. கேட்காமல் கீழே நின்று காவல் காத்திருக்கிறார். "சக்கரை போதுமா?" என்று கேட்டேன்.

அடுத்த மாதம் ஆய்வேட்டைப் பைண்டிங் செய்து சமர்ப்பித்துவிட்டுத் திரும்பி வந்தேன். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எறங்கியாச்சா?"

"எறங்கியாச்சு."

கம்ப்யூட்டரைப் போட்டு, ஃபயர்வால் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். "உன் பூட்டு. நீதான் எடுக்கணும்."

உட்கார்ந்தேன். வீடு, ஆபீஸ், பெஞ்ச். மூன்றையும் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் சண்டை போட்டுக் கேட்ட வீட்டுப் படம் முதலில் இருந்தது. ஒன்றையும் தொடாமல் பக்கத்தை மூடிவிட்டு எழுந்தேன்.

பட்டமளிப்பு விழா முடிந்து போட்டோ சட்டம் போட்டு வந்தது. நான் பழக்கத்தில் அதைப் பீரோ மேல், கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் வேலையாக இருந்தபோது கூடத்திலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் இவர் ஸ்டூலில் ஏறி நிற்கிறார். வாயில் ஓர் ஆணி, கையில் சுத்தியல். சுவரில் ஏற்கெனவே ஒன்று அடித்து முடித்திருந்தார். அதில் பட்டமளிப்புப் போட்டோ தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் போட்டோ கீழே தூசி துடைத்துத் தயாராக இருந்தது.

"கம்பெனிக்காரங்க கேட்டா?" என்றேன்.

வாயிலிருந்த ஆணியை எடுத்துச் சுவரில் வைத்து, கண்ணைச் சுருக்கி அளவு பார்த்தார்.

"கேட்டாப் பூசிக் குடுத்துருவோம். நீ ஸ்டூலப் புடி."